சைடுல வெட்டு விட்ட ஷவர் கமோடு சேர்: 8 மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

முதுகெலும்புல அடிபட்டு இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லாம வீல்சேர்ல இருக்கறவங்களுக்கும், அவங்கள வீட்டுல பாத்துக்கறவங்களுக்கும்தான் இந்த ரிவியூ. நடக்க முடியலையேன்னு ஊரே நம்மள பாத்து உச்சு கொட்டும், ஆனா நடக்கறத விட மோஷன் போறதுதான் பெரிய போராட்டம்னு நமக்குத்தான் தெரியும், அத யாரும் வாய் தொறந்து பேச மாட்டோம், கமோடு சேர் (நடுவுல ஓட்டை விட்ட, டாய்லெட் போகவும் குளிக்கவும் குந்தற நாற்காலி) வாங்கப் போனா கூட கடைக்காரர்கிட்ட பாதி சொல்லி பாதிய முழுங்கிடுவோம். அப்படி முழுங்கினதாலயே நான் ரெண்டு சேர் தப்பா வாங்கினேன். இது மூணாவது. கூச்சம் பாக்காம எழுதுறேன், கூச்சம் பாக்காம படிங்க.

எனக்கு வீடு தண்டையார்பேட்டை. பெயிண்டிங் வேலை பாத்துட்டு இருந்தேன், 2019ல சாரத்துல இருந்து விழுந்தேன், டி10 கம்ப்ளீட் இஞ்சுரி, அதாவது நெஞ்சுப் பக்க முதுகெலும்புல பத்தாவது எலும்புகிட்ட அடி, அதுக்குக் கீழ உணர்ச்சியும் அசைவும் சுத்தமா இல்ல. கை ரெண்டும் நல்லா வேலை செய்யுது, இப்ப வீட்டுலயே மொபைல் சர்வீஸ் பண்றேன். வீட்டுல அம்மா, என் ஒய்ஃப், ஒரு பொண்ணு. கை நல்லா இருக்குன்னு சொன்னேன் பாருங்க, அத நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, மொத்த விஷயமும் அங்கதான் இருக்கு.

சேருக்கு வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், இல்லன்னா எந்த சேர் எதுக்குன்னு புரியாது. தண்டுவடம் கிட்டத்தட்ட எல்1 எலும்பு (இடுப்புப் பக்க முதுகெலும்புல முதல் எலும்பு) வரைக்கும்தான் இருக்கு, அதுக்குக் கீழ நரம்பு கத்தையாதான் போகுது. என்ன மாதிரி அதுக்கு மேல அடிபட்டவங்களுக்கு ஆசனவாய் இறுக்கமா மூடியே இருக்கும், நம்ம சொன்னா தொறக்காது, ஆனா ரிஃப்ளெக்ஸ் உயிரோட இருக்கும், அதனால சப்போசிட்டரியும் (ஆசனவாய்க்குள்ள வைக்கற மாத்திரை) விரல் ஸ்டிமுலேஷனும் (விரல உள்ள விட்டு மெதுவா சுத்தறது) குடுத்தா குடல் தானா தள்ளும். கீழ அந்த நரம்புக் கத்தையிலயே அடிபட்டவங்களுக்கு ரிஃப்ளெக்ஸ் இருக்காது, ஆசனவாய் தளர்ந்து போயிருக்கும், அவங்க விரலாலதான் எடுக்கணும், மோஷன் கொஞ்சம் கெட்டியா இருக்கற மாதிரி சாப்பாட்ட வச்சுக்கணும், இல்லன்னா ஒழுகும். ரெண்டு வகைக்கும் பொது என்னன்னா கை அங்க போய் சேரணும். கடையில நிக்கிற கமோடு சேர்ல முக்காவாசி இத நெனச்சு பண்ணதே இல்ல. வயசானவங்க, கால் உடைஞ்சவங்க குந்தறதுக்குப் பண்ணது. அவங்களுக்கு உணர்ச்சி இருக்கு, தானா வருது, நமக்கு அப்படியா?

முத சேர் ஆன்லைன்ல வாங்கினது, மடக்குற டைப், சீட்டு வெறும் பிளாஸ்டிக். குந்தினா வலிக்காது, ஏன்னா நமக்குத்தான் வலி தெரியாதே. தினம் முக்கால் மணி நேரம் அதுல குந்தினேன், மூணாவது வாரம் அம்மா தொடைக்கும் பின்பக்கத்துக்கும் நடுவுல செவப்பா இருக்குன்னாங்க, வேர்க்குருன்னு நெனச்சு பவுடர் போட்டோம். அது படுக்கைப்புண்ணோட ஆரம்பம். நாலு மாசம் குப்புறப் படுத்தேன். நாலு மாசம் வருமானம் இல்ல, பொண்ணு ஸ்கூல் ஃபீஸ் லேட்டு, ஒய்ஃப் ஒரு நாள் விட்டு ஒரு நாள் டிரெஸ்ஸிங் பண்ணுவா. அந்த கம்பெனிக்கு மெயில் போட்டேன், சீட்டு குஷன் தனியா கிடைக்காதுன்னு ஒரு வரி பதில் வந்துச்சு, அவ்ளோதான்.

ரெண்டாவது ஒரு சர்ஜிக்கல் கடையில வாங்கினது. குஷன் இருந்துச்சு, சரி. ஆனா சீட்டு ஓட்டை முழு வட்டம், நாலா பக்கமும் அடைப்பு. குந்திட்டா என் கை உள்ள போக வழியே இல்ல. அதனால என்ன பண்ணோம்னா, கட்டில்லயே இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கறது (பெருங்குடலோட கடைசிப் பகுதி இடது பக்கம்தான் இறங்குது, அதான் இடது பக்கம்), அம்மாவோ ஒய்ஃபோ கிளவுஸ் போட்டு பண்றது, அடியில அண்டர்பேட் (ஈரம் உறிஞ்சற விரிப்பு). அதுக்கப்புறம்தான் சேர். சேர் கால் கழுவறதுக்கு மட்டும்தான் ஆச்சு. வருஷக்கணக்கா இப்படித்தான் போச்சு. எங்கம்மாவுக்கு 64 வயசு, மூட்டு வலி, காலைல 4:45க்கு எழுந்துக்குவாங்க எனக்காக. ஒரு நாள் கூட மூஞ்சி சுளிச்சதில்ல. அதுதான் எனக்கு இன்னும் பாரமா இருந்துச்சு. ஒய்ஃபுக்கும் எனக்கும் நடுவுல புருஷன் பொண்டாட்டின்னு ஒண்ணு இருக்கில்ல, அது இந்த வேலையில கொஞ்சம் கொஞ்சமா தேயறத ரெண்டு பேருமே பாத்துட்டு பேசாம இருந்தோம்.

இந்த மூணாவது சேர் கிடைச்ச கதை. கிளவுஸ், அண்டர்பேட் எல்லாம் நான் மொத்தமா பாரிமுனை பக்கம் நைனியப்ப நாயக்கன் தெருவுலதான் எடுப்பேன், அங்க ஒரு பெரியவர் பேச்சுவாக்குல வண்ணாரப்பேட்டையிலயே ஒரு சின்ன கடை இருக்கு, அளவு குடுத்தா அம்பத்தூர்ல ஒரு யூனிட்ல சொல்லி செஞ்சு தருவாங்கன்னாரு. போன் பண்ணேன். எடுத்தவரு என்ன கேட்டாரு தெரியுமா, "அண்ணா, உங்களுக்கு வலது கை பழக்கமா, இடது கை பழக்கமா?" எனக்கு ஒரு நிமிஷம் புரியல. எதுக்குண்ணான்னேன். "நீங்களே பண்ணிக்கறதா இருந்தா அந்தப் பக்கம் சீட்டுல வெட்டு விடணும்ணா, இல்ல வேற ஆளு பண்ணி விடறாங்கன்னா பின்பக்கம் விடலாம்." இத்தன வருஷத்துல என்கிட்ட இந்தக் கேள்வி கேட்ட முத ஆள் அவருதான். போன வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

விலை 11,500, 12 நாள் ஆச்சு. சேரப் பத்தி சொல்றேன். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப், பெயிண்ட் அடிச்ச இரும்பு வாங்கவே வாங்காதீங்க, கடல் காத்துல நம்ம ஏரியாவுல கேட்டு, கிரில்லு எல்லாம் என்ன கதியாகுதுன்னு பாத்திருப்பீங்க, ரெண்டாவது சேர் ஒன்றரை வருஷத்துல கால் மூட்டுல துருப்பிடிச்சு பொரை விட்டுச்சு. சீட்டு ரெண்டு இஞ்ச் ஃபோம், மேல ரெக்சின், வலது பக்கம் ஒரு ஜாண் அளவுக்கு வெட்டு, அது வழியா கை தாராளமா போயிட்டு வருது. கைப்பிடி ரெண்டும் மேல தூக்கி மடக்கலாம், சைடுல இருந்து நகர்ந்து ஏறணும்னா இது கட்டாயம் வேணும், ஃபிக்ஸ்டு கைப்பிடின்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. நாலு காஸ்டர் (சின்ன சக்கரம்), நாலுலயும் பிரேக்.

அளவு எடுக்கறதுல கோட்டை விட்டுடாதீங்க. எங்க பாத்ரூம் கதவு 24 இஞ்ச்னு நெனச்சுட்டு இருந்தேன், டேப் வச்சு அளந்தா நிலைக்கு நிலை 23தான் வருது, கதவு முழுசா தொறக்காம அது கனமும் கொஞ்சம் இடத்த எடுக்குது. அதனால சேர் மொத்த அகலம் 21 இஞ்ச்னு சொன்னேன். பெரிய சக்கரம் வச்சு நானே உருட்டிக்கிட்டு போற மாதிரி வேணும்னுதான் ஆசை, ஆனா அது அகலம் அதிகம், கதவுல நுழையாது, லைன் வீடுங்க, சின்ன வீடுங்க எல்லாத்துலயும் இதே கதைதான். அதனால சின்ன காஸ்டர், சுவத்துல ஒரு கம்பி, நிலையில ஒரு கம்பி அடிச்சு அத பிடிச்சு இழுத்து உள்ள போயிடறேன், கட்டில்ல இருந்து 6 அடிதான். அப்புறம் உயரம். வெஸ்டர்ன் கிளாசெட் மேல சேர் பின்னாடியா போய் நிக்கணும்ல, கிளாசெட் சீட்டு மூடி எல்லாம் கழட்டிட்டு அளந்தா பதினஞ்சரை இஞ்ச், சேர் சீட்டுக்கு அடியில இருக்கற கம்பி 17 இஞ்ச் உயரத்துல இருக்கணும்னேன், கரெக்டா வந்துச்சு. பின்பக்கம் குறுக்குக் கம்பி இருந்தா கிளாசெட்ல இடிக்கும், அது இல்லாம கேளுங்க. வீட்டுல இந்தியன் டாய்லெட் மட்டும்தான்னா அடியில பக்கெட் மாட்டற மாதிரி செஞ்சு தர்றாங்க, ஆனா அத யாராவது தூக்கி ஊத்தணும். முடிஞ்சா கிளாசெட் வச்சுக்கோங்க. பாத்ரூம் வாசல்ல இருந்த மேட்ட கொத்தனார வச்சு சரிவா பூசினோம்.

இத வச்சு எப்படி பண்றேன்னு சொல்றேன். நான் கத்துக்கிட்டது வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியோட பாகாயம் ரீஹாப் (மறுவாழ்வு) சென்டர்ல. 1966ல டாக்டர் மேரி வர்கீஸ் ஆரம்பிச்ச இடம் அது, அவங்களே 1954ல வண்டி ஆக்ஸிடென்ட்ல தண்டுவடம் அடிபட்டு, வீல்சேர்ல உக்காந்தே தொழுநோய் வந்தவங்களுக்கு கை ஆபரேஷன் பண்ணவங்க. அங்க போட்டோவுல அவங்கள பாத்தப்பதான் எனக்கு அழுகை நின்னுச்சு.

காலைல 5 மணிக்கு சூடா ஒரு டீ, ரெண்டு பிஸ்கட். வயித்துக்குள்ள ஏதாவது போனா குடல் தானா அசைய ஆரம்பிக்கும், அதுவும் காலைல நல்லா அசையும், அதனால டீக்கு அப்புறம் 20, 30 நிமிஷத்துக்குள்ள வேலைய ஆரம்பிக்கணும். கட்டில்லயே பைசகோடில் 10 மி.கி. சப்போசிட்டரி ஒண்ணு, ஜெல்லி தடவி, மலத்துக்குள்ள குத்தி வைக்காம குடல் சுவத்த ஒட்டின மாதிரி மேல வைக்கணும், மலத்துக்குள்ள வச்சா அது வேலை செய்யாது, நான் ஆரம்பத்துல அப்படி வச்சுட்டு மாத்திரை டூப்ளிகேட்டுன்னு மெடிக்கல்ல சண்டை போட்டேன். கீழ மலம் இருந்தா முதல்ல விரலால எடுத்துடணும். அப்புறம் 15, 20 நிமிஷம் காத்திருக்கணும், அந்த நேரத்துல வயித்த தடவி விடுவேன், வலது கீழ இருந்து மேல, குறுக்க, இடது பக்கம் கீழ, குடல் போற வழியிலயே. அதுக்கப்புறம்தான் சேர். முன்னெல்லாம் சப்போசிட்டரி வச்ச உடனே சேர்ல குந்திட்டு காத்திருப்பேன், அந்த நேரமும் சேர்த்துதான் புண்ணாச்சு.

சேர்ல பெல்ட் போட்டுக்கணும், சாயறப்ப பேலன்ஸ் போகும். நகம் ஒட்ட வெட்டியிருக்கணும், மோதிரம் கழட்டிடணும், கிளவுஸ், ஜெல்லி தாராளமா. வெட்டு வழியா கைய விட்டு விரல மெதுவா வட்டமா சுத்தணும், 20 செகண்டு போதும், ஒரு நிமிஷத்துக்கு மேல வேண்டாம். விட்டுட்டு 5, 10 நிமிஷம் காத்திருந்து திரும்ப. அவசரப்பட்டு அழுத்தினா கிழியும், ரத்தம் வரும். ரெண்டு தடவை பண்ணியும் ஒண்ணும் வரல, வெறும் சளி மாதிரி வருது, ஆசனவாய் விரல இறுக்கி மூடுதுன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம். எனக்கு சேர்ல இருக்கற நேரம் இப்ப 25, 30 நிமிஷம். நடுவுல ரெண்டு தடவை கைப்பிடிய அழுத்தி உடம்ப தூக்கி விடுவேன்.

முத நாள் காலைல. உள்ள போய் கதவ சாத்திட்டேன். 2019க்கு அப்புறம் பாத்ரூம்ல நான் தனியா இருந்தது அன்னிக்குத்தான். பக்கெட்ல குழாய் தண்ணி சொட்டு சொட்டா விழுது, அந்த சத்தம் மட்டும்தான். கை போகுதா போகுதான்னு பயந்துட்டே விட்டேன், போச்சு. மூணாவது தடவை ஸ்டிமுலேஷன்லயே வேலை முடிஞ்சுது. வெளிய அம்மா நின்னுட்டே இருக்காங்க, "ஆச்சாடா? நான் வரட்டா?"ன்னு. "வேணாம்மா, நீ போய் படு"ன்னேன். அவங்க போகல, கதவுக்கு வெளியவே குந்திட்டு இருந்தாங்கன்னு அப்புறம் ஒய்ஃப் சொன்னா. கழுவி, ஹேண்ட் ஷவர்ல குளிச்சு, துண்டு கட்டிட்டு நானே கம்பிய பிடிச்சு வெளிய வந்தேன். யாரும் எதுவும் பேசிக்கல. பொண்ணு மட்டும் "அப்பா, நீயா வந்தே?"ன்னா.

குறையும் இருக்கு, மறைக்கல. முன் காஸ்டர் ஒண்ணுல பிரேக் மூணாவது மாசமே லூஸ் ஆச்சு, வீல்சேர்ல இருந்து சேருக்கு நகர்றப்ப சேர் வழுக்கி நான் பாதியில தொங்கினேன், ஒய்ஃப் ஓடி வந்து பிடிச்சா. கீழ விழுந்திருந்தா தொடை எலும்பு போயிருக்கும், நமக்கெல்லாம் எலும்பு உறுதி குறைஞ்சுடும். கடையில சொன்னதும் ரெண்டு நாள்ல வந்து நாலு காஸ்டரையும் மாத்திக் குடுத்தாங்க, காசு வாங்கல. ஆனாலும் முதல்லயே நல்ல காஸ்டர் போட்டிருக்கணும். தினமும் பிரேக்க கையால ஆட்டிப் பாக்காம ஏறாதீங்க. ஃபுட்ரெஸ்ட் ஸ்க்ரூ மட்டும் சாதா இரும்பு, துருப்பிடிச்சுடுச்சு, நானே எஸ்.எஸ். போல்ட் வாங்கி மாத்தினேன். வெட்டு விட்ட ஓரத்துல ரெக்சின் தையல் பிரிய ஆரம்பிச்சிருக்கு, உள்ள தண்ணி போனா ஃபோம் நாறும், அந்த ஓரம் தோல்ல கீறவும் செய்யும். இன்னொன்னு, ரெக்சின் ஈரத்துல தோல பிடிச்சுக்கும், வெடுக்குனு நகர்ந்தா தோல் உரியும், உடம்ப தூக்கித்தான் நகரணும். வெட்டு விட்ட பக்கம் தொடைக்கு சப்போர்ட் கம்மி, எடை எல்லாம் ஒரு பக்கமா போகுது, அதனால தினமும் கண்ணாடி வச்சு பின்பக்கம் பாத்துடறேன். செவப்பு அரை மணி நேரத்துல மறையலன்னா அன்னிக்கு சேர் கிடையாது, கட்டில்லதான்.

சேர் எவ்ளோ நல்லா இருந்தாலும் டைம் தவறினா எல்லாம் போச்சு. போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு நாள் வெளியூர் போயிட்டு தினம் காலைல பண்ற இந்த புரோகிராம விட்டுட்டேன், வந்து நாலாவது நாள் தண்ணியா ஒழுகிச்சு. எல்லாரும் வயித்தால போகுதுன்னு நெனச்சோம், மெடிக்கல்ல கேட்டா நிறுத்தறதுக்கு மாத்திரை குடுத்துட்டாங்க, போட்டேன். வயிறு கல்லாச்சு, வாந்தி. ஆஸ்பத்திரியில பாத்துட்டு, உள்ள மலம் கட்டி அடைச்சுருக்கு, அதுக்கு சைடுலதான் தண்ணி ஒழுகியிருக்குன்னாங்க. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு திடீர்னு தண்ணியா போனா மொதல்ல அடைப்பான்னு பாக்கணும், பாக்காம நிறுத்துற மாத்திரைய தொடாதீங்க. இத மட்டும் வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க.

சாப்பாடு பத்தி நெறைய சொல்ல ஒண்ணும் இல்ல, கேழ்வரகு கூழ், கீரை, கொய்யா, தண்ணி எனக்கு செட் ஆகுது. பரோட்டா ராத்திரி சாப்பிட்டா மறுநாள் சேர்ல ஒரு மணி நேரம் ஆகுது, விட்டுட்டேன். பீச் ரோடு அத்தோ (பர்மா நூடுல்ஸ்) மட்டும் மாசத்துக்கு ஒரு தடவை, அத விட மனசு வரல.

ஒரு எச்சரிக்கை. டி6 எலும்புலயோ, அதுக்கு மேல நெஞ்சு, கழுத்துப் பக்கமோ அடிபட்டவங்க இந்த சேர வாங்கிட்டு கதவ சாத்திட்டு தனியா பண்ணாதீங்க. எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தன், டி4, விரல் ஸ்டிமுலேஷன் பண்றப்ப தலை வெடிக்கிற மாதிரி வலி, மூஞ்சி செவந்து வேர்த்து ஊத்தி, பிபி எகிறிடும். ஆட்டோநாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியான்னு பேரு, பக்கவாதம் வரைக்கும் கொண்டு போகும். அப்படி ஆனா உடனே நிறுத்திட்டு, நிமிர்ந்து உக்கார வச்சு, இறுக்கமா இருக்கற துணி, பெல்ட் எல்லாம் தளர்த்தணும், யூரின் டியூப் மடங்கியிருக்கான்னு பாக்கணும், இறங்கலன்னா ஆஸ்பத்திரி. அவனுக்கு டாக்டர் சொல்லி முன்னாடியே மரத்துப் போற ஜெல்லி வச்சு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் ஆரம்பிக்கறாங்க. அவங்க வீட்டுக்கு பின்பக்கம் வெட்டு விட்ட சேர் செஞ்சு வாங்கிக் குடுத்தேன், அவன் அண்ணன் பண்ணி விடறாரு, பக்கத்துலயே ஆளு இருக்கு.

அஞ்சுக்கு நாலு குடுக்கறேன், அந்த ஒண்ணு காஸ்டருக்கும் தையலுக்கும். ரெண்டாவது சீட்டு தனியா 1,800க்கு சொல்லியிருக்கேன், வெட்டு ஓரத்துல டபுள் தையல் போடச் சொல்லி, ஃபோம் இன்னும் அரை இஞ்ச் அதிகமா. வந்ததும் இதே ரிவியூல சேர்க்கறேன். அம்மா இப்பெல்லாம் ஆறரை வரைக்கும் தூங்கறாங்க. நீங்க எங்க வாங்கினாலும் சரி, மொதல்ல கதவ அளந்துக்கோங்க, உங்களுக்கு எந்தக் கை பழக்கம்னு அவங்க கேக்கலன்னா நீங்களே சொல்லுங்க.